பனி படியாக் கண்ணாடி

தமிழில் 'பனி' என்பது ஒரே சொல். புல் நுனியில் முத்தாய் நிற்பதும் பனி. விடியற்காலையில் தெருவை மறைத்து நிற்பதும் பனி. மலை முகட்டில் வெள்ளையாய்க் கிடப்பதும் பனி. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டனர். தென்னாட்டுக் குளிருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்த நாம் இங்கே வேறு சொற்களைக் கற்றோம். புல்லில் படிவது 'ஓஸ்'. கண்ணை மறைப்பது 'கோஹ்ரா'. பயிரைக் கருக்கும் உறைபனி 'பாலா'. மலையில் விழுவது 'பரஃப்'. நம் குழந்தைகள் இவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே பிரித்தறிந்து விடுகின்றனர். நாமோ இன்னும் எல்லாவற்றையும் 'பனி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வேறுபாட்டை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இரவில் இஞ்சின் ஓட்டிச் செல்லும் தொழிலாளிக்கு இவை வேறுவேறு பகைகள். வெளியே காற்றில் நிற்கும் மூடுபனி ஒன்று; அவர் முகத்துக்கு நேரே உள்ள கண்ணாடியில் படியும் நீர்த்திவலை மற்றொன்று; அத்திவலை உறைந்து வெண்படலமாய் ஒட்டிக்கொள்வது பிறிதொன்று. இவற்றுள் முதலாவதை மனிதன் இன்னும் முழுமையாக வெல்லவில்லை. மற்ற இரண்டையும் வென்றுவிட்டான். கண்ணாடிக்கே சூடேற்றி, ஆயினும் அதன் தெளிவு கெடாதவாறு காக்கும் அரிய கலையால் அவ்வெற்றி கிடைத்தது. அக்கலை பிறந்து வளர்ந்த வரலாற்றையும், அதன் பயன் எவரெவர்க்கு எந்த வரிசையில் கிட்டியது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பனித்துளி பிறக்கும் வகை

பனித்துளி வானத்திலிருந்து பொழிகிறது என்று ஒரு சாராரும், மண்ணிலிருந்து எழுகிறது என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். அவ்வாதத்துக்குத் தெளிவான விடை கண்டவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். லண்டனில் தொழில் நடத்திவந்த இவர், பத்துப் பத்து கிரெயின் எடையுள்ள கம்பளிப் பஞ்சை இரவில் வெட்டவெளியில் வைத்து, காலையில் நிறுத்துப் பார்த்தார். பலகையின் மேல் வைத்த பஞ்சு மிகுதியாக எடை கூடியிருந்தது. அதே பலகையின் அடியில் கட்டிய பஞ்சு குறைவாகவே கூடியிருந்தது. இத்தகைய சோதனைகளைப் பன்முறை செய்து, 1814-இல் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தெளிந்த வானத்தை நோக்கியிருக்கும் பொருள் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்து போகிறது. காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ந்த பொருளின்மேல் நீராகப் படிகிறது. குளிர்ச்சி முந்தியது, பனித்துளி பிந்தியது என்பதே அவர் கண்ட உண்மை.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அறிந்தால் அன்பர்கள் மகிழ்வர். இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில், இயற்கையில் பனிக்கட்டி காணக் கிடைக்காத இடத்தில், நம் மக்கள் பனிக்கட்டி உண்டாக்கி வந்தனர். தரையில் ஆழமில்லாத குழி வெட்டி, அதில் உலர்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் சிறு மண்சட்டிகளில் நீர் ஊற்றி வைப்பர். விடியுமுன் நீர் உறைந்திருக்கும். சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் இதனை லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்து எழுதினார். வெல்ஸ் தம் நூலில் இம்முறையையும் எடுத்துக்கொண்டு, தெளிந்த வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தை வீசி விடுவதே இதற்குக் காரணம் என்று விளக்கினார். ஏட்டில் விதி எழுதப்படுமுன்னரே அவ்விதியைத் தொழிலாக்கி வாழ்ந்தவர்கள் இந்நாட்டு எளிய மக்கள்.

நம் குடியிருப்பு வீடுகளில் தை மாதக் காலையில் நடப்பதும் இதுவே. அடுப்பில் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிறது. வெளியே குளிர் கடுமையாக இருக்கிறது. சமையலறைச் சன்னல் கண்ணாடி வியர்த்து வழிகிறது. பிள்ளைகள் அதில் விரலால் எழுத்து எழுதி விளையாடுகின்றனர். ஈரக் காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் நீராக மாறத் தொடங்குமோ, அந்த நிலைக்குப் பனிநிலை என்று பெயர். கண்ணாடி அந்நிலைக்குக் கீழே இறங்கினால் திவலை படியும். நீர் உறையும் நிலைக்கும் கீழே இறங்கினால் உறைபனி ஒட்டும். ஆகவே கண்ணாடியைத் தெளிவாக வைத்திருக்க வழிகள் இரண்டே. காற்றின் ஈரத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடியைப் பனிநிலைக்குச் சற்று மேலேயே சூடாக வைத்திருக்க வேண்டும். மூச்சு விடும் மனிதன் இருக்கும் அறையில் முதல் வழி எளிதன்று. இரண்டாவது வழியைத் தேடியே அறிஞர் பலர் உழைத்தனர்.

காவலே மறைப்பான கதை

கண்ணாடி காற்றையும் மழையையும் தடுத்துக் காக்கிறது. ஆனால் காக்கின்ற அதே கண்ணாடி, பனி படிந்தவுடன் பார்வையை மறைக்கும் சுவராகி விடுகிறது. நீராவி இஞ்சின் காலத்தில் ஓட்டுநர் தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிப் பார்த்தே வண்டி ஓட்டினார். கரித்தூளும் குளிர்காற்றும் கண்ணில் அறைந்தாலும், கண்ணாடியை நம்புவதைவிட அது மேலாயிருந்தது.

இத்துன்பத்தை ஊன்றிக் கவனித்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே டிராம் வண்டியின் ஓட்டுநர், முன்கண்ணாடியில் பனி ஒட்டியதால் அதனைத் திறந்துவைத்து, குளிரைத் தாங்கிக்கொண்டு வண்டியைச் செலுத்துவதைக் கண்டார். உள்ளிருந்தே கைப்பிடியைத் திருகி, வெளியே ரப்பர் பட்டையால் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வகுத்து, 1903 நவம்பர் 10-இல் காப்புரிமை பெற்றார். 1905-இல் அவ்வுரிமையை ஒரு கனடா நாட்டு நிறுவனத்துக்கு விற்க முன்வந்தபோது, இதில் வாணிகப் பயன் இல்லை என்று மறுத்து விட்டனர். காப்புரிமைக் காலமும் கழிந்தது. அதன் பின்னரே அக்கருவி கார்களில் பரவிற்று. துன்பத்தைக் கண்டவர் ஒருவர். அதற்கு விலை மதிப்பிட்டவர் வேறொருவர். இம்முரண்பாட்டை இவ்வரலாற்றில் மீண்டும் காண்போம்.

துடைப்பான் வெளிப்பனியை அகற்றும். உள்ளே மூச்சுக்காற்றால் படிவதை அகற்றாது. உறைந்து ஒட்டியதை எளிதில் பெயர்க்கவும் இயலாது. சூடு ஒன்றே முழு மருந்து. மின்னோட்டம் ஒரு கம்பி வழியே செல்லும்போது எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்னும் விதியை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841-இலேயே வெளியிட்டிருந்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது அவ்விதி. ஆகவே கண்ணாடியில் கம்பி பதித்துச் சூடேற்றலாம். ஆயின் கம்பி கண்ணில் படுகிறது. கம்பிக்கருகே கண்ணாடி தெளிந்தும் இடையிடையே மங்கியும் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத கம்பி வேண்டும். அதுவும் கண்ணாடி முழுவதும் பரவியிருக்க வேண்டும். மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் ஒளியைத் தடுக்கிறது. ஒளியை விடும் கண்ணாடி மின்சாரத்தைத் தடுக்கிறது. இரண்டும் ஒருங்கே அமைந்த பொருள் உலகில் உண்டா?

பேடெக்கர் கண்ட அதிசயம்

உண்டு என்று காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பேடெக்கர். பயணிகளுக்கான வழிகாட்டி நூல்களால் உலகப் புகழ் பெற்ற பேடெக்கர் குடும்பத்தில் பிறந்தவர் இவர். அவ்வழிகாட்டி நூல்களைத் தொடங்கிய பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் வைக்கப்பட்டது. குடும்பத் தொழிலை விட்டு இயற்பியல் பயின்ற பேரன், கண்ணாடியின்மேல் காட்மியம் என்ற உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் படியச் செய்து, அதனைக் காற்றில் சூடாக்கினார். உலோகப் படலம் ஆக்சைடாக மாறியது. ஒளி ஊடுருவும்படி ஆயிற்று. ஆயினும் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையை இழக்கவில்லை. 1907-இல் இதனை அவர் வெளியிட்டார். அப்போது இதற்கு எவ்விதப் பயனும் தோன்றவில்லை. முதல் உலகப்போர் மூண்ட 1914 ஆகஸ்டு மாதத்திலேயே, லியேஜ் முற்றுகையில் பேடெக்கர் மாண்டார். தம் ஆராய்ச்சியின் பயனைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

ஒரு பொருள் இவ்விரு குணங்களையும் எங்ஙனம் தாங்குகிறது என்று அன்பர்கள் வினவலாம். உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் மிகப் பல. அவை ஒளியைத் திருப்பி எறிந்து விடுகின்றன. கண்ணாடியில் அத்தகையவை இல்லை. ஆகையால் ஒளி தடையின்றிச் செல்கிறது. காட்மியம், வெள்ளீயம், இண்டியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் நடுவழியில் நிற்கின்றன. தக்க முறையில் ஆக்கினால், அவற்றில் உள்ள எலெக்ட்ரான்கள் மின்சாரத்தைக் கடத்தப் போதுமானவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கப் போதாதவை.

போரும் வெள்ளீயமும்

கண்டுபிடிப்புக்குப் பயனைத் தந்தது இரண்டாம் உலகப்போர். 30,000 அடி உயரத்தில் வெளிக்குளிர் சுழிக்குக் கீழே 40 பாகைக்கும் மிகுதியாகும். அவ்வுயரத்தில் பறந்த விமானங்களின் கண்ணாடியில் உறைபனி ஒட்டினால் விமானி குருடனாவான். எரிசாராயம் தெளித்தும், இரு கண்ணாடிகளுக்கிடையே வெந்காற்றைச் செலுத்தியும் பார்த்தனர். நிறைவான வழி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய ஹெரால்டு மக்மாஸ்டர், கண்ணாடிமீது மின்கடத்தும் படலம் பூசும் முறைக்கு 1942-இல் காப்புரிமை கோரினார். அது 1947-இல் வழங்கப்பட்டது. பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனம் 'நெசா' என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை விமானங்களுக்கு ஆக்கித் தந்தது. கார்னிங் நிறுவனத்தின் ஜான் மோச்செல், வெள்ளீயம் கலந்த இண்டியம் ஆக்சைடு உள்ளிட்ட படலங்களுக்கு 1951-இல் காப்புரிமை பெற்றார்.

செய்முறை கேட்பதற்கு எளியது. இளகும் நிலையை நெருங்கும் அளவுக்குக் கண்ணாடியைக் காய்ச்சி, அதன்மேல் வெள்ளீயக் குளோரைடு நீர்மத்தை நுண்துளிகளாகத் தெளிக்க வேண்டும். சூட்டில் அது வெள்ளீய ஆக்சைடாக மாறிக் கண்ணாடியோடு ஒன்றிவிடும். படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கும் ஒரே கனமாக அமையாவிட்டால் ஓரிடம் கொதிக்கும், மற்றோரிடம் குளிரும். ஆகவே செய்முறை எளிதாயினும் கைத்திறன் அரிது. பின்னர் எதிரெதிர் ஓரங்களில் வெள்ளிப் பட்டைகளை இட்டு மின்சாரம் செலுத்துவர்.

இதில் ஒரு கணக்கு வியப்பளிக்கும். இப்படலத்தைச் சதுரமாக எடுத்துக்கொண்டால், சதுரம் சிறிதாயினும் பெரிதாயினும் ஓரத்துக்கு ஓரம் அதன் மின்தடை ஒன்றே. நீளம் கூடும் அளவுக்கு அகலமும் கூடிவிடுவதே காரணம். 10 ஓம் தடையுள்ள படலம் பூசிய, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடிக்கு 100 வோல்ட் கொடுத்தால், 10 ஆம்பியர் ஓடும். 1,000 வாட் வெப்பம் பிறக்கும். நம் வீட்டில் வெந்நீர் போடும் மின்கருவி ஒன்றின் வெப்பத்தை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு பரவலாகத் தந்து விடுகிறது!

வெள்ளீயம் நமக்குப் புதியதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது அதனைக் கொண்டே. ரசத்துக்கு மணம் தரும் என்று நம் இல்லத்தரசியர் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஈயச் சொம்பும் அதுவே. இண்டியத்தின் பெயரிலோ நம் நாடே ஒளிந்திருக்கிறது. 1863-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்கில் ஃபெர்டினாண்டு ரைக், தியோடர் ரிக்டர் ஆகிய இருவரும் ஒரு தாதுவை ஆராய்ந்தனர். ரைக் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லாதவர். ஆகவே நிறமாலையை நோக்கும் பணியை ரிக்டர் ஏற்றார். அதுவரை எவரும் காணாத கருநீலக் கோடு ஒன்று தென்பட்டது. 'இண்டிகோ' நிறக் கோடு என்பதால் புதிய உலோகத்துக்கு இண்டியம் என்று பெயரிட்டனர். இண்டிகோ என்பது அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம். இந்தியாவிலிருந்து வந்த பொருள் என்பதே அச்சொல்லின் பொருள்.

போருக்குப் பின்

பயணிகள் விமானங்கள் இக்கண்ணாடியை ஏற்றுக்கொண்டபோது மற்றொரு நன்மையும் விளைந்தது. விமானத்தின் முன்கண்ணாடி ஒரே பாளம் அன்று. பாளங்களுக்கிடையே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. குளிரில் அவ்வேடு விறைத்து எளிதில் உடையும். இளஞ்சூட்டில் துவண்டு கொடுக்கும். பறவை வந்து மோதினால் தாங்குவது சூடான கண்ணாடியே. ஆகவே விமானத்தில் கண்ணாடிக்குச் சூடேற்றுவது பார்வைக்காக மட்டுமன்றி உயிர்க்காப்புக்காகவும் ஆயிற்று.

அடுத்து வந்தவர் கார் உடைமையாளர். பின்கண்ணாடியில் வெள்ளிக் குழம்பால் அச்சிட்ட மெல்லிய கோடுகள் இன்று எங்கும் காணப்படுகின்றன. முன்கண்ணாடிக்குத் தெளிவு மிகுதியும் தேவை. 1974-இல் ஃபோர்டு நிறுவனம் தன் விலை மிக்க கார்களில் பொன் படலம் பூசிய கண்ணாடியை அமெரிக்காவில் அளித்தது. 1985-இல் ஐரோப்பாவில், மயிரினும் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளைக் கண்ணாடிக்குள் பதித்துத் தந்தது. அதற்கடுத்து வணிகர். ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்ப்பெட்டியின் கதவு வியர்த்து மங்கினால் உள்ளிருக்கும் சரக்கு தெரியாது. ஆகவே அங்கும் வெள்ளீயப் படலம் வந்தது. எழுத்தும் படமும் காட்டும் திரவப்படிகத் திரைகள் கடுங்குளிரில் மந்தமாகி விடும். அவற்றுக்கும் இண்டியப் படலத்தால் சூடேற்றுகின்றனர். கைப்பேசித் திரையில் விரல் படுவதை உணர்வதும் அவ்விண்டியப் படலமே.

மக்மாஸ்டரின் வாழ்வும் இதனோடு முடியவில்லை. பிற்காலத்தில் அவர் கதிரொளியை மின்சாரமாக்கும் தொழிலில் இறங்கினார். அவர் தொடங்கிய நிறுவனமே 1999-இல் ஃபர்ஸ்ட் சோலார் எனப் பெயர் மாறியது. அந்நிறுவனத்தின் ஆலை ஒன்று 2024 ஜனவரியில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் திறக்கப்பட்டது. அங்கு ஆக்கப்படும் பலகைகளிலும், ஒளியை உள்ளே விட்டு மின்சாரத்தை வெளியே கொண்டுவருவது கண்ணாடிமேல் பூசிய கடத்தும் படலமே. குளிரை விரட்டப் பிறந்த படலம் இன்று வெயிலை அறுவடை செய்கிறது.

இருப்புப் பாதைக்கு வந்த பயன்

இனி நம் துறைக்கு வருவோம். 2025 ஜூன் 6-இல், கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் வண்டி தொடங்கி வைக்கப்பட்டது. உதம்பூரிலிருந்து பாரமுல்லா வரை 272 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அன்று நிறைவெய்தியது. காஷ்மீரக் குளிருக்கென அவ்வண்டியில் தனி ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தண்ணீர்க் குழாய்கள் உறையாதிருக்கச் சூடேற்றும் அமைப்பு அவற்றுள் ஒன்று. ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள்ளேயே சூடேற்றும் உறுப்புகள் பதித்திருப்பது மற்றொன்று. உறைபனி ஒட்டினால் கண்ணாடி தானே அதனை உருக்கிக்கொள்ளும். நியூயார்க் நகரின் டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்துவைத்து நடுங்கிய காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எல்லையையும் மறவாது கூறல் வேண்டும். சூடான கண்ணாடி தன்மேல் படிந்த பனியை மட்டுமே நீக்கும். வெளியே நிற்கும் மூடுபனியை அது விலக்காது. அப்பகைக்கு எதிராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூப்பர் என்ற ஆங்கிலேயர் தண்டவாளத்தில் வைக்கும் வெடியை அமைத்தார். பட்டாசு என்று லைன் ஊழியர்கள் அழைக்கும் அந்த டெட்டனேட்டரை நம் குடியிருப்பில் அறியாதார் இல்லை. அதை வைக்க மார்கழி இரவில் கைவிளக்குடன் நடந்தவர்களின் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. இப்போது செயற்கைக்கோளின் துணையால் அடுத்த சிக்னல் நெருங்குவதை முன்கூட்டி அறிவிக்கும் கருவிகள் வடபுல இஞ்சின்களில் பயன்படுகின்றன. ஆயினும் கருவி அறிவித்த சிக்னலைக் கண்ணால் கண்டு உறுதி செய்பவர் ஓட்டுநரே. மூடுபனியினூடே மங்கலாகத் தெரியும் அச்செவ்வொளியைக் கண்ணாடியிலுள்ள திவலையும் சேர்ந்து மறைத்தல் தகாது. இரு திரைகளில் ஒன்றையேனும் நீக்க நம்மால் இயலும்போது, அதை நீக்குவது கடமை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு வரிசை புலப்படுகிறது. துன்பம் முதலில் காணப்பட்டது ஒரு டிராம் தொழிலாளியின் முகத்தில். மருந்து முதலில் சென்றதோ போர் விமானத்துக்கு. போர் அதற்குப் பணம் கொடுத்தது. பின்னர் காருக்கு; வாங்குவோர் பணம் கொடுத்தனர். பின்னர் ஐஸ்கிரீம் பெட்டிக்கு. விற்பனை பணம் கொடுத்தது. ஆயிரம் பேரை உறங்கவைத்து விழித்திருக்கும் இஞ்சின் தொழிலாளியின் முறை இவற்றுக்கெல்லாம் பின்னரே வந்தது. ஏனெனில் அவர் தம் கண்ணாடியைத் தாமே வாங்கும் நிலையில் இல்லை. விலை கொடுப்பவரைத் தேடிப் புதுமை தானே வருகிறது. உழைப்பவரிடத்து அதனைக் கொண்டு சேர்க்கப் பிறர் நினைக்க வேண்டும்.

காஷ்மீர வண்டிக்குக் கிடைத்த கண்ணாடி, பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மார்கழி, தை இரவுகளில் சரக்கு வண்டி இழுக்கும் ஒவ்வோர் இஞ்சினுக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் விழைவது பேராசையாகாது. அலகாபாத்தில் மண்சட்டியில் நீர் வைத்தவரின் அறிவும், ஃபிரைபர்கில் நீலக் கோடு கண்டவரின் அறிவும், லியேஜில் மாண்டவரின் அறிவும் கூடி உருவான பொருள் அது. பல நாட்டார் உழைப்பால் விளைந்த நலம் பலர்க்கும் உரியது. இரவுப் பணிக்குச் செல்லும் நம் தோழர்கள் தெளிந்த கண்ணாடியின் வழியே தெளிந்த சிக்னலைக் கண்டு, நலமே வீடு திரும்புக!